அவையோரும் ஆசிரியர்களே: இசை நாடக மேடையில் ‘ஒன்ஸ்மோர்’ வரலாறு

நாடக நடிகர் சங்கங்கள் வெளியிடும் விழா மலர்களில் சங்க வரலாறு என்று ஒரு கட்டுரை தவறாமல் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் வரிசையாக வரும். குருபூசை நடத்திய பெரியவர்கள், கட்டடத்துக்கு இடம் கொடுத்த புரவலர்கள், மறைந்த ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர்களின் படங்கள் எல்லாம் இருக்கும். முறையான வழக்கம்தான். ஆனால் ஒரு தரப்புக்கு மட்டும் அந்தப் பக்கங்களில் இடம் கிடைப்பதில்லை. மேடைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்து, பிடித்த பாட்டு முடிந்த நொடியில் “ஒன்ஸ்மோர்!” என்று குரல் கொடுத்த கூட்டம்தான் அது.

இசை நாடகத்துக்கு இயக்குநர் இல்லை. ஒத்திகை இல்லை. ஆண்டு முழுதும் தங்கி நடிக்கும் குழுகூட இன்று இல்லை. மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாக அமர்த்தப்பட்டவர்கள், திருவிழா நடக்கும் ஊரில் அந்தியில் சந்தித்து, இரவு முழுதும் ‘வள்ளி திருமணம்’ நடத்திவிட்டு விடியலில் பிரிந்து போகிறார்கள். இப்படி ஒரு கலை நூறாண்டைத் தாண்டி நிற்கிறது என்றால், அதை யாரோ நினைவில் வைத்துக் காத்திருக்க வேண்டும். கலைஞர்கள் பாதியைக் காத்தார்கள். மறுபாதி அவையோரிடம் இருந்தது. எந்தப் பாட்டு நிலைக்க வேண்டும், எந்த மெட்டு உதிர வேண்டும் என்று ஒவ்வோர் இரவும் தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள். அந்தத் தீர்ப்புகளின் வரலாற்றை இந்த மலரில் சுருக்கமாகவேனும் எழுதி வைப்பது நம் கடமை.

சுவாமிகள் கட்டிய மேடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் இந்தியா முழுதும் சுற்றின. தீட்டிய திரைகள், பக்கத் தட்டிகள், ஆர்மோனியம், வேகமான வடநாட்டு மெட்டுகள் ஆகியவை அவர்களோடு தமிழ் மண்ணுக்கும் வந்தன. தெருக்கூத்தின் தருவும் விருத்தமும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்த மெட்டுகள் புதுச்சுவையாக இருந்தன. கேட்டவர்கள் விடவில்லை. தமிழ் நாடகம் நடத்தியவர்கள் அவற்றைத் தமிழில் தர வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு நீரோட்டத்தையும் ஒரே வாய்க்காலில் திருப்பியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தார். பிறகு நாடகத்துக்கு வந்தார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’, ‘அல்லி அர்ஜுனா’, ‘இலவகுசா’ என்று அவர் எழுதிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேல். வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கீர்த்தனையும் பார்சி மெட்டும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வரும். புலவர் ரசிக்க ஒன்று, வண்டி ஓட்டி வந்தவர் தாளம் போட ஒன்று. அவரிடம் பயின்ற நடிகர் டி.கே. சண்முகம் அவரை ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ என்று போற்றியது வெறும் மரியாதைச் சொல் அல்ல.

அவையோரின் வலிமை என்ன என்பதைச் சுவாமிகள் தம் நடிப்புக் காலத்திலேயே அறிந்திருந்தார். எமனாகவும் சனீசுவரனாகவும் அவர் வேடமிட்டு வந்தால் கூட்டம் நடுங்கும் என்பார்கள். சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, எதிரே வந்த கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சி விழுந்தாள் என்றும், அதன் பிறகே அவர் வேடமிடுவதை நிறுத்தி ஆசிரியராக மட்டும் இருந்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நடந்த விவரம் எப்படியானாலும், பார்ப்பவர் மனத்தில் நாடகம் என்ன செய்யும் என்ற கவலை அவருடைய வாழ்வில் ஒரு திருப்பத்தையே உண்டாக்கியது என்று நாடகக் குடும்பங்கள் நம்பின.

தினைப்புனத்தில் எழும் குரல்

‘வள்ளி திருமணம்’ கதை எல்லோருக்கும் தெரியும். நம்பிராசன் மகள் தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவை ஓட்டுகிறாள். நாரதர் வந்து கலகத்துக்கு வித்திடுகிறார். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான். ஆனை வருகிறது, அஞ்சி ஓடி வந்து வள்ளி தஞ்சமடைகிறாள், திருமணம் முடிகிறது. இதில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதவர் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆகவே அவர்கள் கதை கேட்க வருவதில்லை. போன ஆண்டு வந்த வள்ளி ஆலோலம் பாடியதைவிட இந்த ஆண்டு வந்தவள் எப்படிப் பாடுகிறாள் என்று பார்க்க வருகிறார்கள். ஒவ்வொரு மேடையேற்றமும் அவர்களுக்கு ஒப்புநோக்கும் வாய்ப்பு.

இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வருவார். அவரோடு டான்ஸ் பெண் சேர்ந்து ஆடிப் பாடிக் கூட்டத்தைக் கலகலப்பாக்குவார். பிறகு நாரதர், வள்ளி, வேலன் என்று நாடகம் சூடேறும். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளக் கருவிகள் பலவற்றையும் ஒருவரே கையாளும் ‘ஆல்ரவுண்ட்’. இவர்கள் மூவரும் அவையோரின் முகத்தைப் பார்த்தபடியேதான் வாசிப்பார்கள். வள்ளி பறவை ஓட்டும் பாட்டு துள்ளலான நடையில் வரும்போது ஆர்மோனியக்காரர் அவள் விட்ட அடியை அப்படியே திருப்பி வாசித்து, ஒரு சிறு சங்கதி கூட்டி அவளிடமே எறிவார். அவள் அதைப் பிடித்து இன்னொரு படி மேலே போவாள். அங்கேதான் கூட்டத்திலிருந்து முதல் சீழ்க்கை எழும். பாட்டு முடியும், கைதட்டல் ஓயாது. “ஒன்ஸ்மோர்” வரும்.

இரண்டாவது முறை பாடுவது முதல்முறையின் நகல் அல்ல என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். எடுத்த எடுப்பிலேயே குரல் மேலே நிற்கும். மிருதங்கம் நடையை இறுக்கும். ஊர்ப் பெயரையும் ஊர்த்தெய்வத்தின் பெயரையும் சரணத்தில் நுழைத்துப் பாடுவார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கிழக்கு மூலையில் இருந்த பெண்கள் பகுதியிலும் சலசலப்பு எழும். ஒருவர் மேடையேறி ரூபாய் நோட்டைக் கலைஞரின் உடையில் ஊசியால் குத்திவிட்டு இறங்குவார். ஒலிபெருக்கியில் அவர் பெயர், தந்தை பெயர், தெரு எல்லாம் அறிவிக்கப்படும். அன்பளிப்பு எவ்வளவு என்பதைவிட அந்த அறிவிப்புக்குக் கிடைக்கும் கவனம் பெரிது.

இந்தக் கூச்சலெல்லாம் ஒரே தரமானது என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ரசிகர்கள் விருத்தத்துக்குக் கைதட்ட மாட்டார்கள். தலையை மட்டும் அசைப்பார்கள், நாக்கில் ஒரு ‘த்சொ’ வரும். துள்ளல் பாட்டுக்குச் சீழ்க்கை. தர்க்கத்தில் எதிராளி மடக்கப்பட்டால் ‘ஓ’ என்ற நீண்ட ஒலி. அபசுரம் விழுந்தால் அமைதி. அந்த அமைதிதான் கலைஞர்களுக்குப் பெரும் தண்டனை. வாயைத் திறந்து திட்டினாலும் தாங்கிக்கொள்வார்கள், பாட்டு முடிந்தபின் ஒருவரும் அசையாமல் இருந்தால் அடுத்த ஆண்டு அந்த ஊரிலிருந்து அழைப்பு வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

தர்க்கம் முற்றியபோது

கூட்டத்தின் குரல் எப்போதும் நன்மையே செய்தது என்று எழுதினால் அது விழா மலருக்கு மட்டுமே பொருந்தும் வரலாறாகிவிடும். நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்தில், எழுதி வைத்த வசனத்தை விட்டுவிட்டு இரண்டு நடிகர்களும் சொந்தச் சண்டை பிடித்த இரவுகள் உண்டு. கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்று தூண்டிவிடும். புராணக் கேள்வியில் தொடங்கிய வாதம் பிறப்பையும் குலத்தையும் இழுக்கும் ஏச்சில் முடியும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வைத்ததில் கதை பாதியிலேயே நின்று, விடியலில் அவசர அவசரமாக மாலை மாற்றிக்கொண்ட வள்ளி–முருகர்களும் உண்டு. இறந்து கிடக்கும் பாத்திரம் ரசிகர் வேண்டுகோளுக்காக எழுந்து பாடிவிட்டு மறுபடி இறந்துபோன கதையை நாடகக்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

வயது வந்த நடிகர்களைக் கட்டுக்குள் வைக்க முடியாத நிலையில்தான் பாலர் கம்பெனிகள் பிறந்தன. சுவாமிகள் 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையை நடத்தினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்கள் ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி பேசுவார்கள், எழுதியதை எழுதியபடி பாடுவார்கள் என்பது நோக்கம். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில்தான் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிறுவனுக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை வசனமும் பாட்டுமாக ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியைச் சண்முகம் பின்னாளில் தம் நாடக வாழ்க்கை நூலில் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

கட்டுப்பாடு வந்தது. ஆனால் ஒன்ஸ்மோர் நிற்கவில்லை. பச்சிளம் குரல்களில் அதே மெட்டுகளைக் கேட்டதும் கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. பாலர் கம்பெனிகளின் ஒழுங்கும் அவையோரின் ஆவலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்த அந்த இழுபறியில்தான் இருபதாம் நூற்றாண்டின் பெரிய நடிகர்கள் பலர் வளர்ந்தார்கள். 1925-ல் சகோதரர்கள் தாமே தொடங்கிய பால சண்முகானந்த சபாவும், நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபாவும் அந்த மரபின் தொடர்ச்சி. சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அவர் பெயரால் குருபூசை நடத்தும் சங்கங்கள் இன்றும் அவரைத் தெய்வமாகவே கும்பிடுகின்றன.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவயதில் சுவாமிகளின் சபையில் பயின்றவர். பிறகு கன்னையா கம்பெனியில் புகழ் பெற்றார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும்படி உயர்ந்த சுருதியில் நின்று பாடிய குரல் அவருடையது. சத்தியபாமாவைக் கதவு திறக்கச் சொல்லிக் கண்ணன் கெஞ்சும் அந்தத் துள்ளல் பாட்டும், தியாகராசரின் ‘எவரனி’யும் ஒரே மேடையில் ஒரே இரவில் வந்தன. இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது. கச்சேரி ரசிகர் என்றும் நாடக ரசிகர் என்றும் பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தச் செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் இலங்கையில் நாடகங்கள் நடத்திக்கொண்டிருந்தபோது கிட்டப்பா அங்கே வந்தார். அவரோடு மேடையேறினால் உன் குரல் எடுபடாது என்று சுந்தராம்பாளை எச்சரித்தவர்கள் இருந்தார்கள். 1926-வாக்கில் கொழும்பில் இருவரும் சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ நடித்தார்கள். எச்சரிக்கை பொய்த்தது. ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் எடுக்க, அவையோர் யாருக்காகக் கைதட்டுகிறோம் என்று பிரித்தறிய முடியாதபடி அந்த ஜோடி நிலைத்தது. திருமணமும் நடந்தது. 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில், கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி ஆண்களோடு ஜோடியாக நடிப்பதை விட்டார். 1935-ல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனார் வேடத்தைத் தாமே ஏற்றார். அதற்குப் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் நாடெங்கும் பேச்சாக இருந்தது.

இவர்கள் காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. கிராமபோன் பரவியது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுமேல் ஓடும் தட்டில் நாடகப் பாட்டுகள் அடங்கின. மேடையில் கால் மணி நேரம் விரியும் பாட்டு, தட்டில் சுருங்கிக் கிராமத்துக் காபி கடை வரை போயிற்று. அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு சேர்ந்தன. அதன் விளைவு மேடையில் தெரிந்தது. முன்பு கேட்டு மகிழ்ந்தபின் மறுமுறை கேட்டவர்கள், இப்போது பாட்டு தொடங்குமுன்பே அதைக் கேட்கத் தொடங்கினார்கள். தட்டில் கேட்ட அதே பிடி வராவிட்டால் குறைப்பட்டார்கள். கிட்டப்பா போல் பாடுவது என்று ஒரு பாணியே உருவானதற்கு அவருடைய சீடர்களைவிட இந்த ரசிகர்களின் பிடிவாதமே பெரிய காரணம்.

வெள்ளைக் கொக்கு

தினைப்புனக் காட்சியில் பறவை ஓட்டும் பாட்டுக்கு இடம் உண்டு. அந்த இடத்தில் அரசியல் புகுந்த கதை நம் மேடையின் பெருமைக்குரிய அத்தியாயம்.

1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்களை வள்ளி திருமணத்துக்குள்ளேயே வைத்துப் பாடினார். வெள்ளைக் கொக்கு பறந்து வருவதைச் சொல்லி எச்சரிக்கும் அந்தத் துள்ளல் பாட்டில், கொக்கு யார் என்பதை அவர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மெட்டு குழந்தைப் பாட்டு போல எளியது. முருகன் வேடத்தில் இருப்பவர் தினைக்கொல்லையில் கொக்கைப் பற்றிப் பாடுவதில் குற்றம் என்ன என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். சிரிப்பில் தொடங்கும் அவையோரின் குரல் ஆரவாரமாக மாறி, மறுபடி மறுபடி அதே பாட்டைக் கேட்கும். முன்வரிசையில் காவல்துறையினர் உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சாப் படுகொலையைப் பற்றிய பாட்டை எடுத்தால் கூட்டத்தின் நிலையே மாறும்.

ஒன்ஸ்மோர் என்ற குரல் அங்கே வெறும் ரசனையாக இருக்கவில்லை. கூட்டம் கேட்டுத்தான் பாடினேன் என்று நடிகர் சொல்லலாம். நடிகர் பாடியதைத்தான் கேட்டோம் என்று கூட்டம் சொல்லலாம். 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் எழுதிய நாடகத்தைத் தடை செய்ய வழி வைத்திருந்தது. நடு இரவில் ஆயிரம் பேர் சேர்ந்து கேட்கும் ஒரு பாட்டை என்ன செய்வது என்பது அதிகாரிகளுக்கு எளிதான கேள்வியாக இல்லை. விசுவநாததாஸைப் பலமுறை கைது செய்தார்கள். வெளியே வந்ததும் மீண்டும் பாடினார். இந்தக் காலத்தை எழுதிய ஆய்வாளர்களில் தியடோர் பாஸ்கரனுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதே விசுவநாததாஸோடு, அவர் பிறந்த மருத்துவர் சாதியைக் காரணம் காட்டிச் சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் நம் மேடையில் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. எதிரே இருந்த கூட்டம் அவர் பாட்டை விடவில்லை, மேடைக்குள் சிலர் அவரை விலக்கினார்கள் என்பதும் வரலாறே. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருந்தபோது, முருகன் கோலத்தில் மயில்மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது.

அரசுகள் மாறியபின்னும் சட்டத்தின் கண் மேடைமேல் இருந்தது. 1954-ல் சென்னை மாநிலம் தனக்கென நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இயற்றியது. அதன் விதிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது 2013-ல்தான்.

திரைக்குப் போய் மேடைக்குத் திரும்பியவை

பேசும் படம் வந்தபோது முதலில் எடுக்கப்பட்டவை நாடகங்களே. 1945-ல் ஏவி.எம். தயாரித்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் டி.ஆர். மகாலிங்கம் வேலனாக நடித்தார். சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். கிட்டப்பா பாட்டுகளைப் பாடி மேடையில் வளர்ந்தவர். கிட்டப்பா பாடிப் புகழாக்கிய மேடைப் பாட்டைத் திரையிலும் அவர் பாடினார். கதாநாயகி ருக்மிணியின் பாட்டு எடுபடவில்லை என்று கண்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிவுசெய்து சேர்த்தார்கள். வள்ளி என்றால் குரல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாடகக் கொட்டகைகள் பல ஆண்டுகளாகப் பழக்கியிருந்த காதுகளுக்குத் திரையும் பணிய வேண்டியிருந்தது.

சினிமா கம்பெனி நாடகங்களைத் தின்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1950-ல் தங்கள் நிரந்தரக் குழுவைக் கலைத்தார்கள். ஆனால் தனித்தனியாக அமர்த்தப்பட்டவர்கள் ஓரிரவுக்குக் கூடி நடத்தும் ‘ஸ்பெஷல் நாடகம்’ கிராமங்களில் அழியாமல் நின்றது. காரணம் எளியது. பங்குனி முதல் ஆடி வரை கோயில் திருவிழா உண்டு. திருவிழாவுக்கு நாடகம் வைப்பது நேர்த்திக்கடன். நேர்த்திக்கடனில் சினிமாவை வைத்து ஒப்பேற்ற அந்தக் காலத்து ஊர்ப் பெரியவர்கள் ஒப்பவில்லை. நடிகர் சங்கங்கள் தேதி பிடிக்கவும், சம்பளம் பேசவும், நலிந்த கலைஞருக்கு உதவவும் அந்த ஏற்பாட்டின் முதுகெலும்பாக இருந்தன.

தொண்ணூறுகளில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகிய அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர், பபூன்–டான்ஸ் காட்சிகளையும் நடிகைகள் சுமக்கும் அவப்பெயரையும் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். 2005-ல் அது வெளிவந்தது. கூட்டம் சிரித்து மகிழும் அதே காட்சிக்காக, மறுநாள் அதே கூட்டம் அந்தப் பெண்களைத் தாழ்வாகப் பேசுகிறது என்பதை அவர் கூர்மையாகக் கவனித்திருக்கிறார். இரவில் ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டுப் பகலில் முகம் திருப்பிக்கொள்வது நம் ரசிகர்களின் பழைய குறை. பாராட்டு என்றால் பாட்டுக்கு மட்டுமல்ல, பாடியவருக்கும் சேர வேண்டும்.

இன்றைய சபை

இப்போது துள்ளல் பாட்டின் இடத்தைப் பெரும்பாலும் சினிமா மெட்டு பிடித்துக்கொண்டது. பபூன்–டான்ஸ் பகுதி முடிந்ததும் இளைஞர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று கலைஞர்கள் வருந்துகிறார்கள். இருந்தாலும் நாரதர் தொடங்கும் நேரத்தில் போர்வை சுற்றிக்கொண்டு முன்வரிசைக்கு நகர்ந்து வரும் பெரியவர்களை எந்த ஊரிலும் காணலாம். அவர்களுக்காகவே விருத்தம் பாடுகிறார்கள்.

இன்னொரு நெருக்கடி நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை விலக்கு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விடிய விடிய நடக்கும் கலைக்கு இது நேராக மோதும் விதி. அமைதியாகத் தூங்கும் உரிமையும் பெரியதே, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நாடகமும் அனுமதிக் கடிதத்தை நம்பி நிற்கிறது என்பதும், அவசரத்தில் முதலில் சுருங்குவது மறுமுறை பாடும் நேரம்தான் என்பதும் உண்மை.

இதற்கிடையே சுவாமிகளுக்கு நிறுவனங்களின் மரியாதை கூடியிருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்குகிறது. நகர அரங்குகளில் இசை நாடகங்களை மறுபடி மேடையேற்றும் முயற்சிகள் நடக்கின்றன. குளிரூட்டிய அரங்கு, நல்ல விளக்கு, பாடம் செய்யப்பட்ட வசனம், சரியாக இரண்டு மணி நேரம். இளைய தலைமுறை அங்கே வந்து வள்ளியைப் பார்க்கிறது. வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த மேடையேற்றங்களில் ஒன்று விட்டுப்போகிறது. துள்ளல் பாட்டு முடிந்ததும் நாகரிகமாகக் கைதட்டுகிறார்கள். அடுத்த காட்சிக்கு விளக்கு மாறிவிடுகிறது. யாரும் மறுபடி கேட்பதில்லை, கேட்டாலும் பாட நேரமில்லை. ஆர்மோனியக்காரர் புதிதாக ஒரு சங்கதி எறிய இடமில்லை. வள்ளி அதைப் பிடித்து மேலே போக வாய்ப்பில்லை. சுவாமிகளின் எழுத்து அப்படியே வந்திருக்கிறது. அந்த எழுத்தை நூறாண்டாக வளர்த்த ஏற்பாடு வரவில்லை. கிட்டப்பாவின் பாணியையும் விசுவநாததாஸின் துணிவையும் உருவாக்கியது மறுமுறை கேட்ட குரல்தான் என்றால், அந்தக் குரலுக்கு வழி இல்லாத மேடையேற்றம் நாடகத்தின் பாதியை மட்டுமே மீட்டதாகும்.

ஆகவே விழா நடத்தும் சங்கங்களுக்கும், நகர அரங்குகளில் இசை நாடகம் ஏற்றும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாடகத்தின் நேரத்தைக் கணக்கிடும்போது அவையோருக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தப் பாட்டுக்கு அது செலவாகும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம், அதை அவர்களிடமே விடுங்கள். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் பாடகரின் மைக்கோடு கூட்டத்தின் பக்கமும் ஒரு மைக்கை வையுங்கள். பின்னாளில் நம் மேடையின் வரலாற்றை எழுத வருகிறவர்களுக்கு, எந்த அடியில் சீழ்க்கை எழுந்தது, எந்த அடியில் அமைதி விழுந்தது என்ற செய்தி பாட்டைப் போலவே தேவைப்படும். அடுத்த குருபூசை மலரில் கலைஞர்கள் பட்டியலுக்குக் கீழே, அந்த இரவு எந்தெந்தப் பாட்டு மறுமுறை கேட்கப்பட்டது என்று ஒரு சிறு பட்டியல் சேர்த்தால், இதுவரை எந்தச் சங்க வரலாற்றிலும் வராத உறுப்பினர்களுக்கும் இடம் கிடைத்துவிடும்.